பொய்களுக்கு நடுவே ஐந்து உண்மைகள்

பிரிட்டனின் பி.பி.சி. வானொலி 4 அலைவரிசையில் 'தி அன்பிலீவபிள் ட்ரூத்' என்றொரு நகைச்சுவை நிகழ்ச்சி ஒலிபரப்பாகிறது. 'நம்பமுடியாத உண்மை' என்று தமிழில் சொல்லலாம். 2006-இல் வெள்ளோட்டமாக ஒருமுறை ஒலிபரப்பாகி, 2007 முதல் தொடராக வந்துகொண்டிருக்கும் அரை மணி நேர நிகழ்ச்சி அது. நகைச்சுவை நடிகரும் எழுத்தாளருமான டேவிட் மிட்செல் அதன் நடுவர். நான்கு பேர் பங்கேற்பார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தரப்பட்ட தலைப்பில் ஒரு சிற்றுரை நிகழ்த்த வேண்டும். தலைப்பு ஒரு விலங்காக இருக்கலாம், உணவுப் பண்டமாக இருக்கலாம், வரலாற்று மனிதராகவும் இருக்கலாம். உரை முழுவதும் பொய்யாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால், அந்தப் பொய்களுக்கு இடையில் ஐந்தே ஐந்து உண்மைகளை உரையாளர் ஒளித்துவைத்திருப்பார்.

கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற மூவரின் வேலை, உண்மை எதிர்ப்படும்போது பொத்தானை அழுத்தி அதைப் பிடிப்பது. சரியாகப் பிடித்தால் ஒரு மதிப்பெண். பொய்யை உண்மையென்று நம்பி அழுத்திவிட்டால் ஒரு மதிப்பெண் குறையும். யாரும் கண்டுகொள்ளாமல் நழுவிப்போகும் ஒவ்வோர் உண்மைக்கும் உரையாளருக்கு ஒரு மதிப்பெண். நிகழ்ச்சியின் முடிவில் சிலர் பூஜ்யத்துக்கும் கீழே நிற்பது சாதாரணம்.

நாம் வாழ்நாள் முழுவதும் பழகியிருப்பது இதற்கு நேர்மாறான வேலை. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்பவரும், கணக்குத் தணிக்கையாளரும், தேர்வுக்கூடக் கண்காணிப்பாளரும் உண்மைகளுக்கு நடுவே பொய்யைத் தேடுகிறார்கள். இந்த விளையாட்டில் உண்மைதான் கடத்தல் சரக்கு. சுங்கச் சோதனையைத் தாண்டி அதைக் கொண்டுபோவதுதான் திறமை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்தத் தலைகீழ் ஏற்பாடு எனக்கு வெறும் வேடிக்கையாகப் படவில்லை. பொய் பெருகினால் மக்கள் பொய்யை நம்பிவிடுவார்கள் என்று எல்லோரும் அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், இந்த நிகழ்ச்சி அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றைக் காதால் கேட்கும்படி செய்கிறது: உண்மை எதிரே வந்து நின்றாலும் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போவது.

நிகழ்ச்சியை உருவாக்கியவர்கள் கிரேம் கார்டன், ஜான் நேஸ்மித் என்ற இருவர். கார்டன் மருத்துவம் படித்துவிட்டு நகைச்சுவைக்கு வந்தவர். பொய்யையும் மெய்யையும் கலந்து ஆடும் போட்டிகள் பி.பி.சி.க்குப் புதியவை அல்ல. 1965-இல் தொடங்கிய 'கால் மை பிளஃப்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், யாரும் கேள்விப்படாத ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு மூன்று பேர் மூன்று பொருள் சொல்வார்கள், ஒன்றுதான் மெய். அங்கே கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு வெற்றி நிச்சயம். கார்டனும் நேஸ்மித்தும் அந்த விகிதத்தைக் குலைத்தார்கள். எத்தனை பொய்கள் வரும் என்பதற்குக் கணக்கே இல்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பது நம் பழமொழி. இங்கே கெட்டிக்காரர்கள் அதோடு நிற்பதில்லை. உண்மையைப் பொருந்தாமல் சொல்கிறார்கள்.

அது எப்படி என்பதை விளக்குவதைவிட ஆடிக்காட்டுவது எளிது. என் துறை சார்ந்த 'வரி' என்ற தலைப்பில் நானே ஓர் உரை தயாரித்திருக்கிறேன். இதில் ஐந்து செய்திகள் உண்மை. மற்றவை அனைத்தும் என் கற்பனை. வாசகர்கள் பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்கலாம்.

'கஜானா காலியாகும்போது அரசர்களுக்குக் கற்பனை ஊற்றெடுக்கும். ரோமானியப் பேரரசர் வெஸ்பாசியன் பொதுக் கழிப்பிடங்களில் சேரும் சிறுநீருக்கு வரி விதித்தார். அவருக்குப் பின் வந்தவர் தும்மலுக்கு வரி போட முயன்று, குளிர்காலம் வந்ததும் கலவரத்துக்கு அஞ்சிக் கைவிட்டார். ஸ்வீடனில் பனிப்பொம்மை செய்வதற்கு உரிமம் தேவைப்பட்டது; பொம்மைக்குக் காரட் மூக்கு வைத்தால் கட்டணம் இரு மடங்கு. ரஷ்யாவின் மகா பீட்டர் தாடி வைத்திருந்தவர்களிடம் வரி வாங்கிக்கொண்டு, கட்டியதற்கு அத்தாட்சியாக ஓர் உலோக வில்லையைக் கொடுத்தார். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் மையை அதிகம் சிந்துகிறார்கள் என்று போர்ச்சுகல் அரசு 1812-இல் அவர்கள்மீது கூடுதல் தீர்வை விதித்தது. இங்கிலாந்தில் வீட்டுச் சன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வரி வாங்கப்பட்டது. சன்னலை அடைக்க மனமில்லாதவர்கள் அதில் வைக்கோல் பொம்மையை நிறுத்திச் சுவரோவியம் என்று கணக்குக் காட்டினார்கள். அதே நாட்டில் 1797-இல் கடிகாரங்களுக்கு வரி வந்தது. வரி கட்ட இயலாத கிராமங்களில் மணி சொல்வதற்கென்றே அரசுச் சம்பளத்தில் ஆட்கள் நியமிக்கப்பட்டனர். டென்மார்க்கில் வெயில் வராத நாட்களுக்கு இன்றும் வருமான வரித் தள்ளுபடி உண்டு. பிரிட்டனில் ஒரு தின்பண்டம் கேக்கா, பிஸ்கட்டா என்று தீர்மானிக்க 1991-இல் வரித் தீர்ப்பாயம் விசாரணை நடத்தியது.'

இனி விடை. சிறுநீர் வரி உண்மை. சலவைத் தொழிலுக்கும் தோல் பதனிடுவதற்கும் அன்று சிறுநீர் மூலப்பொருள். தாடி வரி உண்மை. அந்த வில்லைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சன்னல் வரி 1696-இல் தொடங்கி 1851 வரை நீடித்தது. வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைக்கப்பட்ட சன்னல்களைப் பழைய ஆங்கிலேய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். இளைய பிட் பிரதமராக இருந்தபோது வந்த கடிகார வரி, கடிகாரத் தொழிலையே முடக்கியதால் ஓராண்டுக்குள் திரும்பப் பெறப்பட்டது. ஐந்தாவது, ஜாஃபா கேக் என்ற தின்பண்டத்தின் வழக்கு. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி உண்டு, கேக்குக்கு இல்லை. கேக் பழசானால் கெட்டியாகும், பிஸ்கட் பழசானால் நமுத்துப்போகும் என்பது உட்படப் பல அம்சங்களைத் தீர்ப்பாயம் ஆராய்ந்து, அது கேக்தான் என்று முடிவு செய்தது. சரக்கு, சேவை வரியில் பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் வேறுபாடு தேடிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

நீங்கள் தவறவிட்டது எது என்று பாருங்கள். போர்ச்சுகல் பொய்யில் 1812 என்ற ஆண்டைச் செருகினேன். ஓர் ஆண்டும் ஒரு காரணமும் இருந்தால் எந்தக் கூற்றுக்கும் அரசிதழ் வாடை வந்துவிடுகிறது. வைக்கோல் பொம்மைப் பொய்யைச் சன்னல் வரி என்ற உண்மைக்கு அடுத்து வைத்தேன். பொய் உண்மையின் மேல் சாய்ந்துகொண்டது, உண்மை பொய்யோடு சேர்ந்து கெட்டது. வானொலியில் இதைவிட எளிது. குரல் மாறாமல் இருந்தால் போதும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். கேட்பவர்களுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

குரலையும் முகத்தையும் வைத்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. ஆசிரியர்களுக்கு அந்த நம்பிக்கை இன்னும் அதிகம். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் இது தொடர்பான ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தனிப் பயிற்சியோ கருவியோ இல்லாமல், சொல்வது பொய்யா மெய்யா என்று 24 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சொன்ன தீர்ப்புகளின் சராசரித் துல்லியம் 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். அதாவது, பேசுபவரைப் பார்த்து அறியக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நிகழ்ச்சியிலும் சரியாகப் பொத்தானை அழுத்துபவர், பெரும்பாலும் அந்தத் தலைப்பைப் பற்றி முன்பே எங்கோ படித்தவராகத்தான் இருக்கிறார்.

இப்போது ஒரு சிறு கணக்கு. உரையில் 30 கூற்றுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 உண்மை, 25 பொய். ஒருவருக்கு நல்ல காது என்றும் கொள்வோம்: உண்மை வந்தால் பத்துக்கு ஆறு முறை அடையாளம் காண்கிறார், பொய் வந்தால் பத்துக்கு இரண்டு முறை மட்டுமே ஏமாந்து பொத்தானை அழுத்துகிறார். நம்மில் யாரைவிடவும் இவர் திறமைசாலி. இவர் 5 உண்மைகளில் 3-ஐப் பிடிப்பார். 25 பொய்களில் 5-ஐ உண்மை என்று கொள்வார். மொத்தம் 8 முறை அழுத்தியதில் 3 சரி, 5 தவறு. இத்தனை திறமை இருந்தும் அவருடைய மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. அவருக்குக் காது கெட்டுப்போகவில்லை. சூழலில் பொய்யின் பங்கு அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாளிதழும் பாடநூலும் மருத்துவர் சொல்லும் சேர்ந்த நம் சாதாரண உலகில் 30 கூற்றுகளில் 25 உண்மை, 5 பொய் என்று கொள்வோம். இங்கே ஒருவர் பொய்யைப் பிடிக்கக் கிளம்புகிறார். அதே திறமை: பொய்யை பத்துக்கு ஆறு முறை கண்டுபிடிப்பார், உண்மையைப் பத்துக்கு இரண்டு முறை பொய் என்று தள்ளுவார். 3 பொய்களை விலக்குகிறார்; அதோடு 5 உண்மைகளையும் வீசி எறிகிறார். தம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்ற பெருமிதத்தோடு அவர் வீடு திரும்புவார். எறிந்த ஐந்தில் ஒன்று தடுப்பூசியைப் பற்றியதாகவும், இன்னொன்று புயல் எச்சரிக்கையாகவும் இருந்திருக்கலாம். 'எதையும் நம்பாதே' என்பதை விழிப்புணர்வு என்று மாணவர்களுக்குப் போதிக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். ஆனால், 'எதையும் நம்பாதே' என்று சொல்வது பொத்தானில் இருந்து கையை எடுத்துவிடு என்று சொல்வதுதான். அதில் பொய்யர்களுக்கு நஷ்டம் ஏதுமில்லை.

பழைய பொய்கள் புதிய உண்மையை எப்படி மறிக்கும் என்பதற்கு இயற்கை வரலாற்றில் ஓர் அழகான உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து பிளாட்டிபஸ் என்ற விலங்கின் பதப்படுத்திய உடல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்கு வந்தது. நீர்நாய் போன்ற உரோம உடம்பில் வாத்தின் அலகு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷா 1799-இல் அதை விவரித்து எழுதியபோது, யாரோ ஒட்டித் தயாரித்த ஏமாற்று வேலையோ என்ற ஐயத்தை மறைக்கவில்லை. அலகு ஒட்டப்பட்டதா என்று அவர் கூர்ந்து சோதித்தார். அவர் முட்டாள் அல்லர். குரங்கின் உடலையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்து 'கடற்கன்னி' என்று கீழை நாடுகளில் மாலுமிகளிடம் விற்றுவந்த காலம் அது. அத்தகைய பொருட்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பிளாட்டிபஸ் இன்னொரு தையல் வேலையாகத் தெரிந்தது. கடற்கன்னி விற்றவன் தன் வாடிக்கையாளரிடம் பணத்தைப் பறித்தான். அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விலங்கின் நம்பகத்தன்மையையும் சேர்த்துப் பறித்தான். 'புலி வருது' என்று கத்திய சிறுவனின் கதையில் ஊராரின் பொறுமையைத்தான் பேசுகிறோம். கடைசி நாளில் அவன் சொன்னது உண்மை என்பதும், அது கேட்கப்படவில்லை என்பதுமே அங்கே நடந்த சேதம்.

பொருளாதாரத்தில் இதைத் துல்லியமாகச் சொன்னவர் ஜார்ஜ் அகர்லோஃப். பழைய கார் சந்தையைப் பற்றி அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. விற்பவருக்குத் தன் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது சொத்தை என்று தெரியாததால், வாங்குபவர் எல்லாக் காருக்கும் நடுத்தர விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கும் கட்டுப்படியாகாது. நல்ல கார்கள் ஒவ்வொன்றாகச் சந்தையை விட்டு விலகும். சொத்தை மட்டுமே மிஞ்சும். அகர்லோஃப் 1967-68இல் தில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்தக் கட்டுரையில் நம் நாட்டுக் கடைத்தெரு அரிசியும் இடம்பெற்றிருக்கிறது. அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் உள்ள கற்கள் வேண்டுமென்றே கலக்கப்படுவதால், இல்லத்தரசிகள் அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். வகுப்பில் பழைய காரைச் சொல்லும்போது விழித்த மாணவர்கள், முறத்தையும் கல்லையும் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்வார்கள். நியாயவிலைக் கடை அரிசியைப் புடைத்த கை எந்த வீட்டில்தான் இல்லை?

நேர்மையின்மையால் ஏற்படும் இழப்பு, ஏமாந்தவர் கொடுத்த பணத்தோடு முடிவதில்லை. நேர்மையான வணிகரே தொழிலை விட்டு விரட்டப்படுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது அகர்லோஃபின் வாதம். அரிசிக்குப் பதிலாகச் செய்தியை வைத்தால் நம் காலம் தெரிகிறது. பொய்ச் செய்தியைத் தயாரிக்கச் செலவில்லை. உண்மைச் செய்திக்கு ஒருவர் நேரில் போக வேண்டும், ஆவணத்தைப் பார்க்க வேண்டும், இரண்டாவது ஆளிடம் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கவனம், ஒரே மதிப்பு கிடைக்குமென்றால் எது சந்தையை விட்டு வெளியேறும் என்பதை ஊகிக்கப் பட்டம் தேவையில்லை.

இடையில் ஒரு தகவல்: இந்தக் கட்டுரையையே மூன்று முன்னணி ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. அற்ப விஷயம் என்றனர் சிலர். இது சரியென்றால் பொருளாதாரமே வேறாக இருக்க வேண்டுமே என்ற தொனியில் ஒரு மறுப்பு. நான்காவது இதழ் வெளியிட்டது. 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அகர்லோஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது. படித்தவர்கள் கூடிய அவையிலும் மூன்று பேர் பொத்தானை அழுத்தவில்லை.

நிகழ்ச்சிக்குத் திரும்புவோம். அங்கே விளையாட்டு சீராக நடப்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் காரணம். ஒன்று, அபராதம். தவறாக அழுத்தினால் ஒரு மதிப்பெண் போகும் என்பதால், பாதிக்கு மேல் உறுதி இருந்தால் மட்டுமே அழுத்துவது லாபம். ஒருவர் கை பொத்தான்மேல் தயங்குவதை அமைதியிலேயே கேட்கலாம். நம் கைப்பேசியில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. வந்ததை அனுப்புவதற்கு எந்த அபராதமும் கிடையாது. 2018-இல் குழந்தைக் கடத்தல் கும்பல் நடமாடுவதாக இந்தியா முழுவதும் பரவிய வதந்தியால் பலர் அடித்தே கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை மாவட்டத்தில் உறவினர்களோடு கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி அந்த மே மாதத்தில் அப்படித்தான் உயிரிழந்தார். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு வைத்தது. பிறகு அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் விரிந்தது. 2020-இல், பலமுறை கைமாறிய தகவலை ஒருமுறைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுகியது.

அது பயனுள்ள நடவடிக்கை என்றே கருதுகிறேன். ஆனால், பொருளாதாரக் கண்ணில் அது அபராதம் அல்ல, பங்கீடு. பொய்க்கும் ஐந்து, உண்மைக்கும் ஐந்து. தவறாக அழுத்தியவரிடமிருந்து மட்டும் மதிப்பெண்ணைப் பறிக்கும் விதி எங்கும் வரவில்லை. தொழில்நுட்பத்தால் வர முடியுமா என்பதே ஐயம். ஏனெனில், எது தவறு என்று சொல்ல முதலில் ஒருவர் வேண்டும்.

அதுதான் இரண்டாவது ஏற்பாடு: நடுவர். மிட்செலின் கையில் உள்ள குறிப்புகளில் ஐந்து உண்மைகளும் எழுதப்பட்டிருக்கும். பங்கேற்பாளர்கள் அவரோடு கிண்டலாக மல்லுக்கு நிற்பார்கள். தீர்ப்பு மட்டும் அவருடையது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது விளையாட்டே அல்ல, நான்கு பேர் ஒருவரையொருவர் பொய்யர் என்று ஏசிக்கொள்ளும் அரை மணி நேரம். நம் பொது வாழ்வில் அந்தக் குறிப்பேட்டின் இடத்தில் இருந்தவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, புள்ளியியல் அலுவலகங்கள், நீதிமன்ற ஆவணங்கள், பல்கலைக்கழகங்கள், செய்தித்தாள்கள் ஆகியவை. இந்தியாவில் 2011-க்குப் பின் 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குறித்த காலத்தில் நடக்கவில்லை என்பதை ஒரு நிர்வாகத் தாமதமாக மட்டும் என்னால் பார்க்க இயலவில்லை. நடுவர் தம் குறிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தால், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது ஒரு கட்சியின் எண்ணாகிவிடும்.

நடுவர்களும் எப்போதும் யோக்கியர்களாக இருந்ததில்லை. இதே பி.பி.சி. 1957 ஏப்ரல் 1 அன்று, தன் மதிப்புக்குரிய 'பனோரமா' செய்தி நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடையாவதாக ஒரு படத்தை ஒளிபரப்பியது. நாடறிந்த ரிச்சர்ட் டிம்பிள்பி தம் கம்பீரமான குரலில் அதை வருணித்தார். அந்த மரத்தை வளர்ப்பது எப்படி என்று கேட்டுப் பலர் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களை 'கேட்பவன் கேனையன்' பட்டியலில் சேர்ப்பது அநீதி. அன்றைய பிரிட்டனில் ஸ்பகெட்டி பழக்கமில்லாத உணவு. சொன்னவரோ அதுவரை பொய் சொல்லாதவர். தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டு நம்புவதுதான் அறிவுள்ளவர் செய்வது. அந்த ஒரு நாள் குறும்பு சிரிப்போடு முடிந்ததற்குக் காரணம், அது பொய் என்பதை அதே நிறுவனம் உடனே ஒப்புக்கொண்டதுதான். நாளிதழின் மூலையில் வரும் 'திருத்தம்' என்ற நான்கு வரியை நான் எப்போதும் மரியாதையோடு படிப்பேன். நேற்று எழுதியது தவறு என்று சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. விலை கொடுக்கும் இதழை நம்புவதற்கு எனக்குக் காரணம் கிடைக்கிறது. திருத்தமே வெளியிடாத இதழில் தவறே நிகழ்வதில்லை என்று எண்ணுவதற்கு எனக்கு வயது கடந்துவிட்டது.

நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சிரிப்பு வரும் இடம் அல்ல. ஓர் உரை முடிந்ததும், பிடிபடாமல் நழுவிய உண்மைகள் எவை என்று நடுவர் வாசிப்பார். சற்று முன்பு எல்லோரும் சிரித்து ஒதுக்கிய அதே வாக்கியம், இப்போது அவர் குரலில் மீண்டும் வரும். சில சமயம் கூடுதல் விவரங்களோடு. அரங்கில் ஒரு சிறு வியப்பொலி எழும். மூவரில் ஒருவர், 'அதை அழுத்தலாம் என்றுதான் இருந்தேன்' என்பார். பொய்களை யாரும் திரும்ப வாசிப்பதில்லை.